பழைய காரில் ஏசி குளிரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். கண்கூடாகக் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதனால் குளிர் குறைந்ததும் "கேஸ் ஏத்திடுங்க" என்று தொடங்குவது வேலையைத் தலைகீழாகச் செய்வது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், கம்ப்ரசர் கிளட்ச் (கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் காந்தத் தட்டு) இடைவெளி, தூசி அடைத்த கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றுவது) ஆகியவைதான் முதல் சந்தேகத்துக்குரியவை. இவை எதற்கும் கேஸைத் தொட வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச், காற்றுத் துவாரத்தில் செருகும் ஊசித் தெர்மாமீட்டர். கேஸின் அழுத்தத்தை அளக்கும், இரண்டு முள் கொண்ட மேனிஃபோல்ட் கேஜ் இருந்தால் பாதித் தூரம் தாண்டிவிடலாம்.

மூன்று எச்சரிக்கைகள். கேஸ் உள்ளே இருக்கும்போது எந்த ஏசி குழாய் நட்டையும் தளர்த்தாதீர்கள். பீறிட்டு வரும் திரவம் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும், எனவே கேஜ் மாட்டும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மின்சார ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் திடீரெனச் சுற்றலாம். ஹைப்ரிட் வண்டிகளில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் அதோடு நிறுத்திவிட்டுப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

முதலில் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, புளோயரை (உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேன்) நடு வேகத்தில் விட்டு, இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெளியே 35 டிகிரி என்றால் நடுத் துவாரத்தில் 8 முதல் 12 டிகிரி வந்தால் பழைய வண்டிக்கு அது நல்ல ஏசி. ஈரப்பதம் அதிகமான நாளில் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும். அதைக் கோளாறாக நினைக்க வேண்டாம்.

## காற்றே வரவில்லை, அல்லது ஒரே வேகத்தில்தான் வருகிறது

எல்லா வேகத்திலும் காற்று இல்லையென்றால் புளோயர் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு மோட்டார். டாஷ்போர்டுக்குக் கீழே மோட்டார் உறையைக் கையால் தட்டும்போது சுற்றத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. உச்ச வேகம் மட்டும் வேலை செய்தால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது; அதன் கப்ளர் (ஒயர்ச் செருகி) கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கருகிய கப்ளரில் புது ரெசிஸ்டரை மாட்டினால் அதுவும் விரைவில் போகும். மோட்டார் இறுகிச் சுற்றுவதால் மின்னோட்டம் ஏறி ரெசிஸ்டர் எரிவதும் உண்டு, ஆகவே மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்க்காமல் மூடாதீர்கள்.

மோட்டார் சத்தம் பலமாக இருந்தும் காற்று மெலிதாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். பல பழைய மாடல்களில் ஃபில்டரே கிடையாது. அவற்றில் முடி, தூசி, காய்ந்த இலை எல்லாம் நேராகக் கூலிங் காயிலின் (டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) முகத்தில் போய் அப்பிக்கொள்ளும். புளோயரைக் கழற்றி அந்தத் துளை வழியே டார்ச் அடித்தால் தெரியும்.

## காற்று வருகிறது, குளிர் துளியும் இல்லை

பானெட்டைத் திறந்து, ஒருவர் உள்ளே ஏசி பட்டனை அழுத்த, கம்ப்ரசரின் முன்பக்கத் தட்டைப் பாருங்கள். ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டு புல்லியோடு சுற்ற வேண்டும். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. சில வண்டிகளில் கிளட்சே இல்லாத கம்ப்ரசர் இருக்கும். அவற்றுக்கு நேரே கேஜ் பகுதிக்குப் போங்கள்.

### கிளட்ச் ஒட்டவே இல்லை

முதலில் செலவில்லாதவை. புளோயர் ஓடாவிட்டால் பல வண்டிகளில் ஏசி இயங்காது. இன்ஜின் அளவுக்கு மேல் சூடானால் ஈசியு (இன்ஜினின் கணினி) தானே கம்ப்ரசரை நிறுத்திவிடும், எனவே சூடு முள்ளைப் பாருங்கள். அடுத்து ஏசி ஃபியூஸ். பிறகு ஏசி ரிலேவைக் கழற்றி, அதே எண் கொண்ட ஹாரன் ரிலேவை அந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள்.

அதிலும் தீரவில்லையென்றால் கம்ப்ரசருக்குப் போகும் ஒற்றை ஒயர் கப்ளரைக் கழற்றி, ஏசியைப் போட்டு, அதில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

மின்சாரம் வருகிறது என்றால் குற்றம் கிளட்ச் பக்கம். கிளட்ச் காயிலின் ஒயருக்கும் கம்ப்ரசர் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் இருக்கும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. காயில் சரியாக இருந்தால் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை இன்ஜின் நின்ற நிலையில் ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வருடங்கள் போகப் போகத் தட்டு தேய்ந்து இடைவெளி விரியும். ஒரு கட்டத்தில் காந்தத்தால் இழுக்க முடியாது.

இதற்குக் கம்ப்ரசரை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால் தண்டின் மேல் மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டி நான்கு இடங்களில் அளவு பாருங்கள். இடைவெளி குறைந்து சீராக இருக்க வேண்டும். தட்டு புல்லியில் உரசவும் கூடாது. கேஸ் அப்படியே இருக்கும், அரை மணி வேலை. ஓடும் இன்ஜினில் குச்சியால் தட்டை அழுத்தி ஒட்டவைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டுக்கு அவ்வளவு அருகில் கை போவது ஆபத்து. ஃபீலர் கேஜே போதும்.

மின்சாரம் வரவில்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் கிட்டத்தட்டக் காலியானால் கம்ப்ரசரைக் காப்பாற்ற அது சுற்றைத் துண்டித்துவிடும். அதனால் ஸ்விட்சைக் குறை சொல்வதற்கு முன் கேஜ் மாட்டி, வண்டி ஆறிய நிலையில் அழுத்தம் பாருங்கள். ஆர்-134ஏ (பழைய கார்களில் பரவலாக உள்ள ஏசி கேஸ்) கேஸுக்கு 25 டிகிரியில் ஏறக்குறைய 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114 காட்ட வேண்டும். இதைவிட நன்றாகக் குறைவு என்றால் உள்ளே திரவமே மிச்சமில்லை. நேராகக் கசிவுப் பகுதிக்குப் போங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: இந்த அளவு கேஸ் ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும், ‘எவ்வளவு’ என்று சொல்லாது. ஒரு துளி திரவம் மிஞ்சியிருக்கும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

அழுத்தம் சரியாக இருந்தால், இரண்டு ஒயர் மட்டும் உள்ள பிரஷர் ஸ்விட்சின் கப்ளரை ஐந்து விநாடி இணைத்துப் பாருங்கள். கிளட்ச் ஒட்டினால் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. மூன்று ஒயர் சென்சாரில் இதைச் செய்யவே கூடாது. ஸ்விட்சும் சரி என்றால் அடுத்த சந்தேகம் கூலிங் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர் (குளிரை அளக்கும் சென்சார்). குளிரக் குளிர அதன் ஓம் ஏற வேண்டும். ஐஸ் தண்ணீரில் வைத்தும் அசையாவிட்டால் மாற்றுங்கள். அதற்கும் அப்பால் ஏசி ஆம்ப்ளிஃபயர், ஈசியு, ஒயரிங் என்று போகும். அங்கே ஒயரிங் படமும் ஸ்கேனரும் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் வேண்டும்.

### கிளட்ச் ஒட்டுகிறது, இருந்தும் குளிர் இல்லை

ஐந்து நிமிடம் ஓடிய பிறகு, டாஷ்போர்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு குழாய்களையும் தொடுங்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் சூடாக இருக்க வேண்டும்.

தடித்த குழாய் சில்லென்று இருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால் ஏசியில் குறையில்லை, ஹீட்டர் கலக்கிறது. ஹீட்டர் வால்வை இழுக்கும் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது டாஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு உடைந்திருக்கலாம். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை ஹோஸ் கிளாம்ப்பால் மெதுவாக நெரித்துப் பத்து நிமிடம் ஓட்டினால் தெரிந்துவிடும். ஒரு பக்கத் துவாரம் மட்டும் சூடாக இருந்தாலும் முதல் சந்தேகம் கதவு மோட்டார்தான். ஆனால் கேஸ் குறைவாக இருந்தாலும் காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து இதே மாதிரி காட்டும்.

இரண்டு குழாய்க்கும் வித்தியாசமே இல்லையென்றால் கேஜ் மாட்டுங்கள்.

### கேஜ் என்ன சொல்கிறது

ஆர்-134ஏ, வெளியே 30 முதல் 35 டிகிரி, 1500 ஆர்பிஎம், புளோயர் முழு வேகம்: லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம்) 25 முதல் 40 பிஎஸ்ஐ, ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் அதிக அழுத்தப் பக்கம்) 180 முதல் 250 வரை இயல்பு. ஒரு முள்ளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். லோ சைடு மட்டும் காட்டும் சின்னக் கேஜோடு வரும் கேஸ் டின்கள் இந்தத் தவறைத்தான் செய்ய வைக்கின்றன.

இரண்டும் குறைவு: கேஸ் கம்மி. கசிவைத் தேடுங்கள்.

இரண்டும் அதிகம்: முதலில் கண்டென்சர் ஃபேனும் அடைப்பும். அவை சரி என்றால் கேஸ் அதிகமாக ஏற்றப்பட்டிருக்கிறது, அல்லது வேக்யூம் போடாமல் (உள்ளிருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சாமல்) ஏற்றியதால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. கண்டென்சரில் தண்ணீர் தெளித்ததும் ஹை சைடு சட்டென இறங்கி உள்ளேயும் குளிர்ந்தால் முதலாவதுதான் காரணம்.

லோ மிகக் குறைவு, சில நேரம் பூஜ்யத்துக்கும் கீழே; ஹை இயல்பு அல்லது குறைவு: எக்ஸ்பான்ஷன் வால்வ் (கூலிங் காயிலுக்குள் திரவத்தை நுண்துளை வழியே விடுவது) அடைப்பு, அல்லது டிரையர் பாட்டில் (ஈரத்தை உறிஞ்சுவது) அடைப்பு. டிரையரின் உள்வரும் குழாய் சூடாகவும் வெளிவரும் குழாய் குளிர்ந்தும் இருந்தால் அடைப்பு அதில்தான்.

லோ அதிகம், ஹை குறைவு, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கிறது: கம்ப்ரசர் தள்ளவில்லை. உள் வால்வ் போயிருக்கலாம். மாறும் கொள்ளளவு வகைக் கம்ப்ரசர் என்றால் அதன் கன்ட்ரோல் வால்வ் மட்டும் கெட்டிருக்கலாம். பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும். முழுக் கம்ப்ரசருக்குச் சம்மதிக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

## ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடு

இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. ஏசி போட்ட சில விநாடிகளில் முன்பக்க ஃபேன் சுற்ற வேண்டும். சில மாடல்களில் அழுத்தம் ஏறிய பிறகுதான் சுற்றும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கடைசியாக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் மோட்டாருக்கு நேர் இணைப்பு. சுற்றுகிறது என்பதும் போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். பிரஷ் தேய்ந்த மோட்டார் கண்ணுக்குச் சுற்றுவதாகத் தெரியும், காற்றுத் தள்ளாது. மோட்டாரை மாற்றியவர் ஒயர்களை இடம் மாற்றி இணைத்ததால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுவதும் நடக்கிறது. ஒரு காகிதத்தைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். அது உள்பக்கம் இழுக்கப்பட வேண்டும்.

ஃபேன் நன்றாக இருந்தால் கண்டென்சரைக் கழுவுங்கள். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அழுக்கு சேர்வது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரல் அகல இடுக்கில். மேல் பிராக்கெட்டைத் தளர்த்தி, ரேடியேட்டரைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். கையால் தொட்டதும் தகடுகள் பொடியாக உதிர்ந்தால் எவ்வளவு கழுவியும் பயனில்லை. கண்டென்சரை மாற்ற வேண்டும்.

## முதலில் குளிர்கிறது, அரை மணியில் போய்விடுகிறது

நின்றுபோகும் அந்த நேரத்தில் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தாலே எந்தக் கோளாறு என்று பிரித்துவிடலாம்.

காற்றின் வேகமே குறைந்துவிட்டது, ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினால் திரும்புகிறது: கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது. தெர்மிஸ்டர் அல்லது தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நேரத்துக்கு நிறுத்தவில்லை. தெர்மிஸ்டர் தன் இடத்திலிருந்து நழுவிக் காற்றில் தொங்கினாலும் இதுதான் நடக்கும். அடைத்த ஃபில்டரும் ஐஸ் கட்டவைக்கும்.

காற்று அதே வேகம், குளிர் மட்டும் போய்விட்டது, கிளட்ச் ஒட்டாமல் நிற்கிறது: இன்ஜின் அறைச் சூட்டில் கிளட்ச் காயிலின் ஓம் ஏறிக் காந்தம் பலவீனமாகிறது. இடைவெளி எல்லையில் இருந்தால் ஆறிய நேரத்தில் ஒட்டும், சூட்டில் விடும். மேலே சொன்ன ஷிம் வேலை இதைத் தீர்க்கும்.

கிளட்ச் ஒட்டியிருக்கிறது, ஆனால் குளிர் போய்ப் போய் வருகிறது, அந்த நேரத்தில் லோ சைடு முள் வேக்யூமுக்கு இறங்குகிறது: உள்ளே ஈரம் இருக்கிறது. அது எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் உறைந்து அடைக்கிறது, பிறகு உருகுகிறது. டிரையர் பாட்டிலை மாற்றி, நீண்ட நேரம் வேக்யூம் போட்டு, புதிதாகக் கேஸ் ஏற்ற வேண்டும். இது பட்டறை வேலை.

## கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை டக் டக் என்று அடிக்கிறது

கேஸ் குறைந்து லோ பிரஷர் ஸ்விட்ச் விட்டு விட்டுத் துண்டிப்பதுதான் வழக்கமான காரணம். ஹை சைடு எல்லை மீறினாலும் இதே சத்தம் வரும். முன்பக்க ஃபேன் சுற்றாத வண்டியில் கேஸ் ஏற்றிக்கொண்டே போனால் அங்கேதான் முடியும். கேஜ் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள். இப்படியே ஓட்டவும் வேண்டாம்: கம்ப்ரசருக்கு ஆயிலைச் சுமந்து வருவது கேஸ்தான்.

## சத்தம்

ஏசி அணைந்திருக்கும்போதும் ஊளை அல்லது உறுமல், ஏசி போட்டால் மாறுகிறது: புல்லி பேரிங். தனியாக மாற்றலாம், கேஸ் இறக்க வேண்டாம். ஏசி போடும் கணத்தில் கீச்சென்று கத்தினால் பெல்ட். இழுவை சரிசெய்தும் தொடர்ந்தால் கம்ப்ரசர் இறுகத் தொடங்கியிருக்கலாம். ஏசி போட்டதும் உள்ளிருந்து கட கட என்று உலோகச் சத்தம் வந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். சிதறும் உலோகத் துகள் முழுச் சுற்றையும் கெடுத்துவிடும்.

## கால்மிதியில் தண்ணீர், துவாரத்தில் வாடை

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை, உள்ளே கார்ப்பெட் நனைகிறது என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மெல்லிய வளையும் குழாயை மெதுவாக விட்டு எடுங்கள்; கம்பியால் குத்தினால் காயிலையே துளைத்துவிடலாம். வடிவது தண்ணீர் இல்லாமல் இனிப்பு வாடையுடன் பிசுபிசுப்பாக இருந்தால் அது கூலண்ட், ஹீட்டர் காயில் கசிகிறது. ஈரத்துணி வாடைக்குக் காயிலில் வளரும் பூஞ்சை காரணம்: காயில் கிளீனர் நுரையை அடித்துக் கழுவுங்கள், இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து வெறும் புளோயரை ஓட்டுங்கள்.

## கேஸ் ஏற்றிச் சில வாரத்தில் மறுபடி போய்விடுகிறது

கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் வரும், ஆயிலில் தூசி ஒட்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடங்களைத் தேடுங்கள். குழாய் இணைப்புகள், ஹோஸின் அலுமினிய மடிப்பு, கண்டென்சரின் கீழ் மூலைகள், கம்ப்ரசர் தண்டின் சீல் (தட்டுக்குப் பின்னால் வட்டமாக ஆயில் தெறித்திருக்கும்), கேஸ் ஏற்றும் வால்வ். வால்வில் சோப்புநீர் ஊற்றிக் குமிழி பாருங்கள். இத்தனை எளிய வால்வின் உள் ஊசியை (கோர்) பார்க்காமலே கூலிங் காயிலுக்கு டாஷ்போர்டைக் கழற்றிய வண்டிகள் உண்டு.

வெளியே எங்கும் பிசுக்கு இல்லையென்றால் யுவி டை (கசியும் இடத்தில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயம்), அல்லது மின்னணுக் கசிவுக் கருவி. கூலிங் காயிலைச் சோதிக்க வண்டியைச் சற்று நேரம் அணைத்துவிட்டு வடிகுழாய் வாயில் கருவியைப் பிடிக்க வேண்டும், ஏனெனில் கேஸ் காற்றைவிடக் கனமானது. வடியும் தண்ணீரில் டை தெரிந்தாலும் காயில்தான். காலியான சுற்றுக்கு நைட்ரஜன் அழுத்தச் சோதனை கேளுங்கள். வேக்யூம் நிற்கிறது என்பதை மட்டும் வைத்துக் கசிவில்லை என்று சொன்னால் ஏற்காதீர்கள். வேக்யூமில் உள்ள வித்தியாசம் 15 பிஎஸ்ஐக்கும் குறைவு, ஓடும்போது ஹை சைடு அதைவிடப் பல மடங்கு.

கசிவு அடைக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் பட்டறையின் கேஸ் எடுக்கும் இயந்திரத்தையும் சேர்த்து அடைக்கும்.

ஏற்றும்போது பட்டறையில் நடக்க வேண்டியது: பழைய கேஸை இயந்திரத்தில் இழுத்தெடுப்பது, கசிந்த இடத்தில் ஆயில் தடவிய புது ஓ-ரிங், சுற்றைத் திறந்திருந்தால் புது டிரையர், குறைந்தது 30 முதல் 45 நிமிடம் வேக்யூம், பிறகு பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவைத் தராசில் எடைபோட்டு ஏற்றுவது. குறுகிய சுற்றுள்ள சிறிய கார்களுக்கு 500 கிராமுக்கும் குறைவாகவே பிடிக்கும். 50 கிராம் தவறினாலே குளிர் மாறும். கண்ணாடித் துளையில் குமிழி பார்த்து ஏற்றுவது ஆர்-12 (134ஏக்கு முந்தைய கேஸ்) காலத்துப் பழக்கம், ஆர்-134ஏ கேஸுக்கு அது ஏமாற்றும்.

## 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டி

அதில் ஆர்-12 இருக்கலாம். திருகு மறை உள்ள கேஸ் ஏற்றும் வாய் இருந்தால் அதற்குச் சாத்தியம் அதிகம். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கேஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் மேலேயே ஆர்-134ஏ ஏற்றக் கூடாது. ஆர்-12 சுற்றின் மினரல் ஆயில் 134ஏயோடு கலந்து ஓடாது, கம்ப்ரசர் காய்ந்துவிடும். மாற்றவேண்டுமானால் பழைய கேஸையும் ஆயிலையும் முழுக்க எடுத்து, எஸ்டர் ஆயில், புது டிரையர், 134ஏக்கு ஏற்ற ஓ-ரிங், புது ஏற்றும் வாய் போட்டு, பழைய எடையில் 80 முதல் 85 விழுக்காடு மட்டும் ஏற்றுவார்கள். சமையல் கேஸ் வகை எரிவாயுவை மலிவு என்று ஏற்றுபவர்களிடம் வண்டியை விடாதீர்கள். கூலிங் காயிலில் கசிந்தால் அது பயணிகள் மூச்சுவிடும் இடத்தில் நிரம்பும்.

## கம்ப்ரசர் இறுகிவிட்டது

இனி இது முழுக்கத் தொழில்முறை வேலை. ஆனாலும் மேற்பார்வை உங்களுடையது. கழற்றிய குழாய் வாயில் விரலை விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். சாம்பல் அல்லது கருப்பு நிறப் பசையில் மினுமினுப்பு இருந்தால் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது வீண். நுண்துளைக் குழாய்களால் ஆன கண்டென்சரைக் கழுவித் துகளை எடுக்க முடியாது. கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றையும் மாற்றிக் குழாய்களை ஃபிளஷ் செய்ய வேண்டும். ஆயில் வகையும் அளவும் கம்ப்ரசர் லேபிளில் இருக்கும். பிஏஜி ஆயில் (134ஏ கம்ப்ரசர்களில் வழக்கமான ஆயில்) காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், நெடுநாள் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றவிடாதீர்கள். புதுக் கம்ப்ரசரைப் பூட்டிக் கேஸ் ஏற்றியதும், இன்ஜினை இயக்கும் முன் கிளட்ச் தட்டைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்றச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் தேங்கிய ஆயில் வெளியேறாமல் கிளட்ச் ஒட்டினால் முதல் நொடியிலேயே புது வால்வ் முறியும்.